சூரியனே எழாத மாதங்களில் ஆர்க்டிக் ஏன் மிகுதியாகச் சூடாகிறது?

செங்காந்தள் – கேள்வி

வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்குப் புவியியல் கற்பித்து வருகிறேன். துருவப் பகுதிகள் உலகின் மற்ற இடங்களைக் காட்டிலும் விரைவாகச் சூடாவது ஏன் என்பதற்கு நான் வகுப்பில் சொல்லும் விளக்கம் எல்லோரும் அறிந்ததுதான். வெண்ணிறப் பனி தன்மீது விழும் சூரிய ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. பனி உருகினால் அடியிலுள்ள கரிய கடல்நீர் வெளிப்பட்டு அதே ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் கடல் சூடாகி இன்னும் கொஞ்சம் பனி உருகுகிறது. கேட்பதற்குத் தெளிவாக இருப்பதால் இதோடு பாடத்தை முடித்துவிடுவது வழக்கம்.

இந்த ஆண்டு ஆர்க்டிக் பகுதியின் வெப்பநிலை உயர்வை மாதவாரியாகக் காட்டும் வரைபடம் ஒன்றை வகுப்பில் வைத்தபோதுதான் சிக்கல் எழுந்தது. உயர்வு மிகக் குறைவாக இருப்பது ஜூன், ஜூலை மாதங்களில்; மிக அதிகமாக இருப்பது இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும். அதாவது, சூரியன் நாள் முழுவதும் வானில் நிற்கும் மாதங்களில் வெப்ப உயர்வு அற்பமாகவும், சூரியன் தலைகாட்டாத மாதங்களில் மிகப் பெரிதாகவும் இருக்கிறது. ஒளியை எதிரொளிப்பதும் உறிஞ்சுவதும்தான் காரணம் என்றால், ஒளியே இல்லாத காலத்தில் எதை உறிஞ்சி அந்தப் பகுதி சூடாகிறது என்று மாணவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

இதோடு எனக்கே இரண்டு ஐயங்கள் உள்ளன. கார்பன் டை ஆக்சைடு வளிமண்டலம் முழுவதும் ஏறத்தாழச் சீராகக் கலந்திருக்கிறது. அப்படியிருக்க, அதன் விளைவு ஓரிடத்தில் மட்டும் பன்மடங்காவது எப்படி? வெண்பனிதான் காரணம் என்றால், ஆர்க்டிக்கைவிட மிகப் பெரிய அளவில் பனியைச் சுமந்திருக்கும் அண்டார்க்டிகா அல்லவா முந்திக்கொண்டு சூடாகியிருக்க வேண்டும்? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

நெய்தல்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். உங்கள் விளக்கம் தவறன்று. அதில் கடலின் பங்கு விடுபட்டிருக்கிறது. வெப்பம் உறிஞ்சப்படும் காலமும் அது காற்றில் வெளிப்படும் காலமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

முதலில் கோடையைப் பார்ப்போம். ஜூன் மாதப் பிற்பகுதியில், வளிமண்டலத்தின் உச்சியில் கணக்கிட்டால், வடதுருவத்துக்கு ஒரு நாளில் வந்துசேரும் சூரிய ஆற்றல் நிலநடுக்கோட்டுக்கு வருவதைவிட அதிகம். நாள் முழுவதற்குமான சராசரி சதுர மீட்டருக்கு 500 வாட்டைத் தாண்டும். மாணவர்கள் இதை எளிதில் நம்ப மாட்டார்கள். ஆனால் சூரியன் மறையவே மறையாத இடத்தில் கணக்கு அப்படித்தான் வரும். புதிதாக விழுந்த வெண்பனி தன்மேல் விழும் ஒளியில் 80 விழுக்காட்டுக்கு மேல் திருப்பி அனுப்பும். மேலே தூவிப்பனி (வானிலிருந்து விழுந்து படியும் வெண்பனி) இல்லாத வெற்றுக் கடற்பனி பாதிக்கு மேல் அனுப்பும். உருகிய நீர் குட்டைகளாகத் தேங்கி நிற்கும் பனி அதைவிடக் குறைவாகவே அனுப்பும். திறந்த கடல்நீரோ பத்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்புவதில்லை. ஆகவே பனி விலகிய இடத்தில் உள்ளே போகும் ஆற்றல் மிகப் பெரியது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்த ஆற்றல் நேரே காற்றைச் சூடாக்கப் போவதில்லை. ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க 334 கிலோஜூல் வேண்டும். அதே ஆற்றலைக் கொண்டு ஒரு கிலோ நீரை 0 டிகிரியிலிருந்து ஏறத்தாழ 80 டிகிரி வரை சூடாக்கிவிடலாம். ஒரு மீட்டர் தடிமனுள்ள கடற்பனியில் சதுர மீட்டருக்குச் சுமார் 900 கிலோ பனி இருக்கிறது. இரவு பகலாக 100 வாட் வீதம் கூடுதல் ஆற்றல் கிடைத்தாலும் அதை முழுதாக உருக்க ஏறத்தாழ 35 நாள் ஆகும். அந்த 35 நாளும் பனியின் மேற்பரப்பு 0 டிகிரியைத் தாண்டாது. அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்றும் ஓரிரு டிகிரிக்கு மேல் ஏறாது. உள்ளுறை வெப்பம் என்று இயற்பியல் பாடத்தில் வருவது இதுதான். உங்கள் வரைபடத்தில் ஜூலை மாதம் அசையாமல் கிடப்பதற்கும் இதுவே காரணம்.

பனி முற்றிலும் விலகிய இடங்களில் கடலின் மேலடுக்கு வெப்பத்தைச் சேர்த்துக்கொள்கிறது. செப்டம்பருக்குப் பிறகு காற்று விரைவாகக் குளிர்கிறது, ஆனால் கடல் உடனே உறைய முடியாது. சேர்த்துவைத்த வெப்பத்தை எல்லாம் மேலே விட்டுவிட்டு, உப்புநீரின் உறைநிலையான மைனஸ் 1.8 டிகிரிக்கு இறங்கிய பிறகுதான் பனி கட்டத் தொடங்கும். உறையும்போதும் அந்த உள்ளுறை வெப்பம் திரும்ப வெளிவருகிறது. கோடையில் உள்ளே போன வெப்பம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் காற்றுக்குக் கைமாறுவது இப்படித்தான்.

அலாஸ்காவின் வடகோடியில், கடலோரமாக, உட்கியாக்விக் என்ற சிற்றூர் இருக்கிறது. பழைய பெயர் பாரோ. நவம்பர் நடுவில் மறையும் சூரியன் அங்கு ஜனவரிப் பிற்பகுதியில்தான் மீண்டும் எழும். 2017 டிசம்பரில், அமெரிக்கக் காலநிலைத் தரவுகளைச் சரிபார்க்கும் கணினி நிரல், அந்த ஊரின் அண்மை மாதங்களின் அளவீடுகளை அண்டை நிலையங்களோடு ஒப்பிட்டு, கருவியில் ஏதோ கோளாறு என்று முடிவுசெய்து, அவற்றைப் பட்டியலிலிருந்தே ஒதுக்கிவிட்டது. கருவியில் கோளாறு ஏதும் இல்லை. கரையோரக் கடற்பனி இல்லாமல் போனதால் அந்த ஊரின் வெப்பநிலை உண்மையாகவே அவ்வளவு விரைவாக உயர்ந்திருந்தது. 1979 முதல் 1999 வரையிலான சராசரியோடு ஒப்பிட்டால், இந்த நூற்றாண்டில் அங்கு அக்டோபர் மாதம் 4 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகியிருக்கிறது.

இனி நடுக்குளிர்காலம். அப்போது கடல் மீண்டும் உறைந்துவிடுகிறதே என்று கேட்கலாம். உறைந்தாலும் தடிமன் பழையபடி இல்லை. நீர்மூழ்கிக் கப்பல்களும் பின்னர் செயற்கைக்கோளும் அளந்தபடி, ஆர்க்டிக்கின் மையப் பகுதியில் குளிர்காலப் பனியின் சராசரித் தடிமன் 1980இல் சுமார் 3.6 மீட்டர், 2008இல் சுமார் 1.9 மீட்டர். அடியில் மைனஸ் 1.8 டிகிரி நீர், மேற்பரப்பில் மைனஸ் 30 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே தூவிப்பனி இல்லையென்றால், 3.6 மீட்டர் பனியின் ஊடாகச் சதுர மீட்டருக்குச் சுமார் 16 வாட் வெப்பம் மேலேறும், 1.9 மீட்டர் பனியின் ஊடாகச் சுமார் 30 வாட். மெலிந்த பனி கடலின் வெப்பத்தை இரண்டு மடங்கு கசியவிடுகிறது, அதுவும் ஒளியே இல்லாத இரவில். பனியின் நிறத்தைப் பற்றி மட்டும் பேசும்போது, கடலுக்கும் காற்றுக்கும் இடையே அது ஒரு தடுப்பாக இருந்து செய்யும் வேலையை மறந்துவிடுகிறோம்.

கதிரியல்

நெய்தல் அவர்களின் விளக்கம் கடலைப் பொறுத்தவரை முழுமையானது. ஆனால் ஆசிரியை கேட்ட இரண்டாவது கேள்விக்கு, அதாவது வாயு எங்கும் சீராக இருக்க விளைவு மட்டும் ஏன் சீராக இல்லை என்பதற்கு, பனியைத் தொடாமலேயே பெரும்பகுதி விடை சொல்ல முடியும்.

ஸ்டெபான்–போல்ட்ஸ்மேன் விதிப்படி ஒரு பரப்பு வெளியிடும் கதிர்வீச்சு அதன் கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு விகிதத்தில் அமையும். இதிலிருந்து ஒரு முக்கியமான முடிவு கிடைக்கிறது. 30 டிகிரியில் இருக்கும் பரப்பு ஒரு டிகிரி கூடினால் சதுர மீட்டருக்கு 6.3 வாட் கூடுதலாக வெளியிடும்; மைனஸ் 30 டிகிரியில் இருக்கும் பரப்பு அதே ஒரு டிகிரி கூடினால் வெறும் 3.3 வாட்தான் கூடுதலாக வெளியிடும். இரண்டு இடத்திலும் ஒரே அளவு வெப்பத்தைத் திணித்து, அதை அந்தந்த இடமே வெளியேற்றிச் சமன்செய்துகொள்ள வேண்டும் என்று விட்டால், குளிர்ந்த இடம் ஏறத்தாழ இரு மடங்கு வெப்பநிலை ஏறியாக வேண்டும். இது வெறும் கணக்கு; மாணவர்களே கரும்பலகையில் போட்டுப் பார்க்கலாம்.

அடுத்தது, வெப்பம் எந்த உயரத்தில் தங்குகிறது என்பது. வெப்பமண்டலத்தில் தரையும் கடலும் சூடானால் ஈரக்காற்று மேலெழுந்து இடிமேகமாகிறது. வானிலை அறிக்கைகளில் நாம் அன்றாடம் கேட்கும் வெப்பச்சலனம் இதுவே. நீராவி குளிர்ந்து நீர்த்துளியாகும்போது அது சுமந்துவந்த வெப்பம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரம் வரை வெளிப்படுகிறது. அதனால் அங்கு தரையைவிட மேல்வளி அதிகம் சூடாகிறது. அந்த உயரத்துக்கு மேல் நீராவி மிகக் குறைவாதலால் வெப்பம் எளிதில் விண்வெளிக்குத் தப்பிவிடுகிறது. வெப்பமண்டலத்துக்கு வாய்த்த வடிகால் அது.

ஆர்க்டிக்கில் அந்த வடிகால் இல்லை. குளிர்காலத்தில் அங்கு தரையை ஒட்டிய காற்று அதற்கு மேலுள்ள காற்றைவிடக் குளிர்ந்து கனத்து அப்படியே படிந்து கிடக்கும். நீலகிரியில் தை மாத விடியற்காலையில் சரிவுகளில் ஓரளவு வெதுவெதுப்பு இருக்க, தலைகுந்தா போன்ற பள்ளத்தாக்குப் புல்வெளிகள் மட்டும் உறைபனியால் வெளுத்துக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். உதகையில் வெயில் ஏறியதும் அந்த அடுக்கு கலைந்துவிடும். துருவத்தில் வெயில் வராததால் அது வாரக்கணக்கில் நீடிக்கிறது. கீழே சேரும் வெப்பம் மேலே கலக்காமல் தரையை ஒட்டிய சில நூறு மீட்டருக்குள்ளேயே தங்கிவிடுவதால், சிறிதளவு ஆற்றல்கூடத் தரை வெப்பநிலையைப் பெரிதாக உயர்த்திவிடுகிறது. உயரம் செல்லச்செல்ல அந்த உயர்வு குறைந்துவிடுவதால், விண்வெளிக்குப் போகும் கதிர்வீச்சு அதற்கேற்பக் கூடுவதும் இல்லை.

ஹாம்பர்க் மாக்ஸ் பிளாங்க் வானிலையியல் நிறுவனத்தைச் சேர்ந்த பெலிக்ஸ் பித்தானும் தோர்ஸ்டென் மவுரிட்சனும் 2014இல் பல காலநிலை மாதிரிகளை, அதாவது காலநிலையைக் கணக்கிட்டுக் காட்டும் கணினி நிரல்களை, ஆராய்ந்து, ஆர்க்டிக் மிகைவெப்பத்துக்கு முதன்மையான காரணம் நான் மேலே சொன்ன இந்த வெப்பநிலைப் பின்னூட்டங்களே (ஒரு மாற்றத்தின் விளைவு திரும்பி வந்து அதே மாற்றத்தைக் கூட்டுவதோ குறைப்பதோ பின்னூட்டம்) என்றும், பனியின் எதிரொளிப்பு அதற்கு அடுத்த இடத்தில் வருகிறது என்றும் காட்டினார்கள். அதற்கு முன்பே, 2009இல், கணினி மாதிரி ஒன்றில் எதிரொளிப்பை மாறவிடாமல் பூட்டி வைத்துவிட்டுக் கார்பன் டை ஆக்சைடை இரட்டிப்பாக்கிப் பார்த்திருக்கிறார்கள். துருவம் அப்போதும் அதிகமாகத்தான் சூடாகியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கார்பன் டை ஆக்சைடு கூடுவதன் நேரடி விளைவு துருவத்தில் அதிகம் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது; அந்த நேரடி விளைவு வெப்பமண்டலத்தில்தான் பெரிது. நீராவி கூடுவதால் வரும் பின்னூட்டமும் அங்குதான் வலுவானது. இவ்விரண்டும் எதிர்ப்பக்கம் இழுத்தும் துருவம் முந்துகிறது.

இந்தக் கருத்து ஒன்றும் புதிதன்று. ஸ்வீடன் அறிஞர் ஸ்வாந்தே அர்ரேனியஸ் 1896இலேயே கையால் கணக்கிட்டு, கார்பன் டை ஆக்சைடு கூடினால் உயர் அகலாங்குகள் அதிகம் சூடாகும் என்று எழுதினார். சுக்குரோ மனாபேயும் ரொனால்ட் ஸ்டௌபரும் 1980இல் வெளியிட்ட மாதிரி ஆய்வு, ஆர்க்டிக் கடல் பகுதியில் உயர்வு குளிர்காலத்தில் மிகுந்தும் கோடையில் குறைந்தும் இருக்கும் என்று காட்டியது. கடற்பனியைச் செயற்கைக்கோள் தொடர்ந்து அளக்கத் தொடங்கி அப்போது ஓராண்டோ ஈராண்டோதான் ஆகியிருந்தது. உங்கள் மாணவர்களைக் குழப்பிய வரைபடம், அளவீடுகளில் தெரியவரும் முன்பே காகிதத்தில் வரையப்பட்டிருந்தது என்று சொல்லலாம். மனாபேக்கு 2021இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

செங்காந்தள்

இருவருக்கும் மிக்க நன்றி. ஆனால் இப்போது புதிய குழப்பம் ஒன்று வந்துவிட்டது. ஒருவர் கடற்பனிதான் மையம் என்கிறார். மற்றவர் பனியைப் பூட்டி வைத்தாலும் துருவம் சூடாகும் என்கிறார். பனியை முதன்மைக் காரணமாகச் சொல்வதை நிறுத்திவிட வேண்டுமா? அண்டார்க்டிகா பற்றிய கேள்வியும் அப்படியே நிற்கிறது.

நெய்தல்

நிறுத்த வேண்டாம். கதிரியல் அவர்கள் சுட்டிய ஆய்வுகளில் ஒரு நுட்பம் இருக்கிறது. 2009ஆம் ஆண்டுச் சோதனையில் பூட்டப்பட்டது எதிரொளிப்பு மட்டும்தான். பனி உருகவும் மெலியவும் கடல் தன் வெப்பத்தை வெளிவிடவும் தடையில்லை. 2019இல் ஐகுவோ டாய் தலைமையிலான குழு வேறுவகைச் சோதனை ஒன்றைச் செய்தது. கடலுக்கும் காற்றுக்கும் இடையிலான வெப்பப் பரிமாற்றத்தைக் கணக்கிடும்போது, மாதிரி கடற்பனி குறையாததுபோலவே கணக்கிடும்படி செய்தார்கள். அப்போது ஆர்க்டிக்கின் மிகைவெப்பம் பெரும்பாலும் மறைந்தே போனது.

கதிரியல் அவர்கள் சொன்ன, தரையை ஒட்டித் தங்கும் வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், அதில் பெரும்பங்கு பனி விலகிய கடலிலிருந்து வருகிறது. ஆக, பின்னூட்டங்களைத் தனித்தனியாகப் பிரித்து இதற்கு இத்தனை விழுக்காடு, அதற்கு இத்தனை விழுக்காடு என்று பட்டியலிடுவது கணக்குக்கு வசதியானதே தவிர, அவை ஒன்றையொன்று சார்ந்தே இயங்குகின்றன. வகுப்பில் நான் சொல்வதானால் இப்படிச் சொல்வேன்: கோடையில் பனி குறைவதால் கடல் வெப்பத்தைச் சேர்க்கிறது; குளிர்காலத்தில் பனி தாமதமாகவும் மெல்லியதாகவும் உருவாவதால் கடல் அதை வெளிவிடுகிறது; வெளிவந்த வெப்பம் மேலே கலக்க வழியின்றித் தரையோரம் தங்குகிறது; குளிர்ந்த பரப்பு அதைக் கதிர்வீச்சாக வெளியேற்றுவதில் மந்தமாக இருக்கிறது.

கதிரியல்

இதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பனியே இல்லாத, நீர் மட்டுமே சூழ்ந்த கற்பனைக் கோள் ஒன்றை மாதிரியாக எடுத்துக்கொண்டாலும் துருவம் ஓரளவு முந்தத்தான் செய்கிறது என்பதையும் மாணவர்கள் அறியட்டும். கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவில், சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட படிவுகளில் முதலை இனத்தைச் சேர்ந்த விலங்குகளின் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன. துருவ இரவு அப்போதும் அங்கு மாதக்கணக்கில் நீண்டதுதான். கடற்பனியே இல்லாத அந்த உலகிலும் குளிர்காலத்தில் அப்பகுதி உறையாமல் இருந்ததற்குப் பனியின் நிறத்தைக் காரணமாகச் சொல்லிவிட முடியாது.

வாடைக்காற்று

அண்டார்க்டிகாவைப் பற்றி நான் சொல்கிறேன். இரு துருவங்களையும் ஒரே பெயரால் அழைத்தாலும் அமைப்பில் அவை எதிரெதிரானவை. வடக்கே இருப்பது நிலம் சூழ்ந்த கடல். தெற்கே இருப்பது கடல் சூழ்ந்த நிலம். ஆர்க்டிக் கடலின் பனி சில மீட்டர் தடிமன் கொண்டது, கோடையில் உறைநிலையைத் தொட்டுக்கொண்டிருப்பது. ஒரு டிகிரி கூடினாலும் பனி நீராகிவிடும். அண்டார்க்டிகாவின் பனித்தகடோ சராசரியாக 2 கிலோமீட்டர் தடிமன் கொண்டது. தென்துருவமே கடல் மட்டத்துக்கு 2,835 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தப் பீடபூமியில் கோடையிலும் வெப்பநிலை மைனஸ் இருபதுகளில்தான் நிற்கும். மூன்று டிகிரி ஏறினாலும் அது வெண்பனியாகவே இருக்கும். நிறம் மாறாத இடத்தில் எதிரொளிப்புப் பின்னூட்டம் தொடங்கவே வழியில்லை. பனி அதிகம் இருப்பது முக்கியமன்று, உருகும் எல்லைக்கு அருகில் இருக்கும் பனி எவ்வளவு என்பதே முக்கியம்.

அதைவிடப் பெரிய காரணம் தென்பெருங்கடல். அண்டார்க்டிகாவைச் சுற்றி மேற்கிலிருந்து ஓயாமல் வீசும் காற்று மேற்பரப்பு நீரை வடக்கே தள்ளுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழ்கடல் நீர் மேலெழுகிறது. பல நூற்றாண்டுகளாக மேற்பரப்பையே பார்க்காத நீர் அது. தொழிற்புரட்சிக்குப் பிந்தைய வெப்பம் அதைத் தொடவில்லை. மேலே வந்து காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டாலும் அங்கேயே நிற்காமல் வடக்கே நகர்ந்து, நடு அகலாங்குகளில் மீண்டும் மூழ்கிவிடுகிறது. இப்படி வெப்பம் தொடர்ந்து வெளியே கொண்டுசெல்லப்படுவதால் கண்டத்தைச் சுற்றியுள்ள கடற்பரப்பு மெதுவாகவே சூடாகிறது. ஓசோன் துளை ஏற்பட்ட பிறகு, குறிப்பாகக் கோடையில், அந்த மேலைக்காற்று வலுத்து கண்டத்தை வடக்கிலிருந்து இன்னும் தனிமைப்படுத்தியது.

அதனால் அண்டார்க்டிகா சூடாகவே இல்லை என்று பொருள் கொள்ளக்கூடாது. தென் அமெரிக்காவை நோக்கி நீளும் அண்டார்க்டிகத் தீபகற்பம் இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் 3 டிகிரி அளவுக்குச் சூடாகியது. தென்துருவத்திலுள்ள நிலையத்தில்கூட வெப்பநிலை 1989 முதல் 2018 வரை பத்தாண்டுக்கு 0.6 டிகிரி வீதம், அதாவது உலகச் சராசரியைப்போல் மூன்று மடங்கு, உயர்ந்தது. ஆனால் அங்கு இயற்கையான ஏற்ற இறக்கம் மிகப் பெரிது, அதில் எவ்வளவு மனிதரால் என்று பிரிப்பது கடினம். சுற்றியுள்ள கடற்பனி 2014 செப்டம்பரில் 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டி உச்சத்தைத் தொட்டது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் சரிந்து, 2023 பிப்ரவரியில் 18 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. தென்பெருங்கடல் தந்துவந்த இந்தத் தாமதம் என்றைக்கும் நீடிக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஆர்க்டிக் குளிர்காலத்தைப் பற்றி மேலே யாரும் தொடாத ஒன்றையும் சேர்க்கிறேன். அங்கு துருவ இரவில் இரண்டே நிலைகள்தான் உண்டு என்று சொல்லும் அளவுக்கு அளவீடுகள் தெளிவாக இருக்கின்றன. 1997 அக்டோபர் முதல் ஓராண்டு காலம், கனடாவின் பனியுடைப்புக் கப்பல் ஒன்றைக் கடற்பனியில் உறையவிட்டு, அதோடு மிதந்துகொண்டே அளந்தார்கள். வானம் தெளிந்திருந்தால் பனிப்பரப்பு சதுர மீட்டருக்குச் சுமார் 40 வாட் வீதம் வெப்பத்தை இழந்துகொண்டிருக்கும். நீர்த்துளிகள் கொண்ட தாழ்மேகம் மூடினால் அந்த இழப்பு ஏறத்தாழச் சுழியமாகிவிடும். அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே நுழைந்தால் ஓரிரு நாளில் முதல் நிலை இரண்டாம் நிலையாக மாறிவிடும். 2015 டிசம்பர் இறுதியில் அப்படி வந்த ஒரு புயலால், நடுக்குளிர்காலத்தில், வடதுருவத்துக்கு அருகிலேயே வெப்பநிலை உறைநிலையை எட்டியது. தெற்கே கடல்கள் சூடாகி ஆவியாதல் கூடக்கூட இந்த ஈரக்காற்று சுமந்துவரும் வெப்பமும் கூடுகிறது. வெப்பமண்டலத்தில் சேரும் ஆற்றலின் ஒரு பகுதி நீராவியாகப் பயணம் செய்து துருவ இரவில் வந்து இறங்குகிறது என்று மாணவர்களிடம் சொல்லலாம்.

செங்காந்தள்

ஐயங்கள் தீர்ந்தன. இன்னும் இரண்டு சிறு கேள்விகள். ஆர்க்டிக் உலகச் சராசரியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் சூடாகிறது என்று சில நூல்களிலும், மூன்று என்று சிலவற்றிலும், நான்கு என்று செய்திகளிலும் காண்கிறேன். எதைச் சொல்வது? கோடையில் கடற்பனி முற்றிலும் மறைந்துவிட்டால் அதன் பிறகும் இதே வேகம் தொடருமா?

வாடைக்காற்று

எண்கள் வேறுபடுவதற்குக் காரணம் ஆர்க்டிக் எது, எந்த ஆண்டிலிருந்து கணக்கு என்பவை வேறுபடுவதுதான். ஆர்க்டிக் கண்காணிப்புத் திட்டத்தின் 2021 அறிக்கை 1971 முதல் 2019 வரையிலான காலத்தை எடுத்து, 3.1 டிகிரி உயர்வு, உலகச் சராசரியைப்போல் மூன்று மடங்கு என்று சொன்னது. பின்லாந்து வானிலை நிறுவனத்தினர் 2022இல், ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே உள்ள பகுதியை மட்டும் எடுத்து, 1979 முதல் 2021 வரை கணக்கிட்டு, பத்தாண்டுக்கு 0.73 டிகிரி என்று கண்டார்கள். அதே காலத்தில் உலகச் சராசரி 0.19 டிகிரி. அதுதான் நான்கு மடங்கு என்று செய்திகளில் வந்தது. எல்லையைத் தெற்கே தள்ளி 60 பாகை வரை சேர்த்தாலும், இன்னும் பழைய ஆண்டிலிருந்து கணக்கைத் தொடங்கினாலும் விகிதம் குறையும். வகுப்பில் 1979 என்ற ஆண்டையும் ஆர்க்டிக் வட்டம் என்ற எல்லையையும் சேர்த்தே நான்கு என்று சொல்லுங்கள். ஆர்க்டிக்குக்குள்ளேயும் சீர்மை இல்லை. நார்வேக்கு வடக்கே, பாரென்ட்ஸ் கடலின் வடபகுதியில், சில இடங்கள் பத்தாண்டுக்கு 2 டிகிரிக்கு மேல் சூடாகியிருக்கின்றன. கடற்பனி மிக விரைவாகப் பின்வாங்கிய இடமும் அதுவே.

நெய்தல்

கடைசிக் கேள்விக்கு என் பதில். பனியற்ற ஆர்க்டிக் என்று ஆய்வாளர்கள் சொல்வது, செப்டம்பரில் பனிப்பரப்பு 10 லட்சம் சதுர கிலோமீட்டருக்குக் கீழே இறங்குவதை. 1980களில் அது சராசரியாக 70 லட்சம். இதுவரையிலான மிகக் குறைந்த அளவு 2012இல் 34 லட்சம். ஐ.நா. காலநிலைக் குழுவின் ஆறாவது அறிக்கை, 2050க்கு முன் ஒருமுறையேனும் அந்த எல்லை தாண்டப்படலாம் என்கிறது. அந்த நிலை வந்த பிறகும் கிரீன்லாந்தின் வடகரையோரமும் கனடியத் தீவுகளின் இடுக்குகளிலும் பனி மிஞ்சியிருக்கும்; குளிர்காலத்தில் கடல் மீண்டும் உறையும்.

எனவே வேகம் உடனே குறைந்துவிடாது. அது வெளிப்படும் பருவம்தான் மாறத் தொடங்கும். கோடையில் காற்றை 0 டிகிரியில் பிடித்து வைத்திருந்தது உருகிக்கொண்டிருக்கும் பனி. அது ஜூலையிலேயே தீர்ந்துவிடும் ஆண்டுகளில், மிச்சமுள்ள கோடை வாரங்களில் நேரடியாகக் கடல்நீர் சூடாகும். உங்கள் வரைபடத்தில் இன்று தட்டையாகக் கிடக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களும் அப்போது மேலேறும். குளிர்காலக் கடற்பனியும் பெருமளவு போன பிறகுதான் இழப்பதற்குப் பனி இல்லாமல் விகிதம் இறங்கும் என்று மாதிரிகள் காட்டுகின்றன. வரைபடத்தைக் கடல் மேலுள்ள பகுதிக்கும் நிலத்துக்கும் தனித்தனியாக வரைந்து காட்ட முடிந்தால் செய்யுங்கள். கோடை உயர்வு நிலத்தில் இப்போதே தெளிவாகத் தெரியும், ஏனென்றால் அங்கு தூவிப்பனி ஜூனிலேயே கரைந்துவிடுகிறது.